மகன் போனதுதான் குற்றமா? ஷாங்காய் ஃபூ குடும்பத்துக்கு நடந்தது

கேள்வி: “சீனப் பியானோ கலைஞர் ஃபூ ட்சோங் 1958-ல் லண்டனுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். எட்டு வருடம் கழித்து ஷாங்காயில் அவருடைய அப்பா, அம்மா இருவரும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று படித்தேன். மகன் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போனதால்தானே பெற்றோருக்கு இந்தக் கதி? அவர் ஊர் திரும்பியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா?”

சுருக்கமாகச் சொன்னால், இல்லை. அவர் திரும்பியிருந்தாலும் அந்த வீடு தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. வயதான பெற்றோரை விட்டுப் போன பிள்ளையை நாம் அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பதில்லை, சீனர்களும் மன்னிப்பதில்லை. ஆனால் அன்றைய சீனாவில் ஒருவர் மேல் விழுந்த அரசியல் குற்றம் அவரோடு நிற்கவில்லை. மனைவி, பிள்ளை, தம்பி, மாமன் என்று உறவின் வழியே பரவியது. தகப்பன் குற்றவாளி என்றால் மகனும் அரைக் குற்றவாளி. மகன் போனான் என்றால் தகப்பன் முழுக் குற்றவாளி. அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு மகன் எந்தப் பக்கம் அடி எடுத்து வைத்தாலும் அது பெற்றோர் மேல்தான் விழும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஃபூ ட்சோங்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது என் கருத்து. அதனால் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

தகப்பனார் பெயர் ஃபூ லெய். 1908-ல் ஷாங்காய்க்குப் பக்கத்தில் நான்ஹுய் என்ற ஊரில் பிறந்தவர். 1928-ல் பாரிஸ் போய்ப் படித்துவிட்டு 1931-ல் திரும்பினார். பால்சாக், வோல்த்தேர், ரோமன் ரோலந்து ஆகிய பிரெஞ்சு எழுத்தாளர்களைச் சீன வாசகர்களுக்குக் கொண்டுவந்தவர் என்றால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். கட்சி உறுப்பினர் இல்லை. அரசு வேலையிலும் இல்லை. புதிய சீனாவில் சம்பளம் வாங்காமல், மொழிபெயர்ப்புக்கு வரும் பணத்தில் மட்டுமே குடும்பம் நடத்திய எழுத்தாளர்கள் மிகக் குறைவு. அவர் அப்படி வாழ்ந்தார். மனைவி ஜூ மெய்ஃபூ. மூத்தவன் ட்சோங் 1934-ல் பிறந்தான். இளையவன் மின் 1937-ல்.

ஃபூ லெய் கோபக்காரர். பியானோ முன்னால் மகனை உட்கார வைத்து, பயிற்சி தவறினால் அடித்த தகப்பன். பள்ளிக்கூடத்துப் பாடத்தை நம்பாமல் வீட்டிலேயே தானே பாடம் எழுதிக் கற்பித்தார். ஷாங்காய் நகர இசைக்குழுவை நடத்திவந்த இத்தாலியர் மாரியோ பாச்சியிடம் மகனைப் பியானோ கற்க அனுப்பினார். மகன் பயந்து வளர்ந்தான். இதையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம், 1954 ஜனவரியில் மகன் வெளிநாட்டுப் படிப்புக்காக ஷாங்காயை விட்டு ரயில் ஏறிய அடுத்த ஓரிரு நாளில் அப்பா எழுதிய கடிதம். ‘உன்னைக் கொடுமைப்படுத்திவிட்டேன், இந்தப் பாவத்தை என்னால் என்றைக்கும் தீர்க்க முடியாது’ என்ற பொருளில் எழுதுகிறார். கண்டிப்பான ஆசியத் தகப்பன் ஒருவர், இருபது வயது மகனிடம் இப்படி மன்னிப்புக் கேட்டு எழுதியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உண்மையில் அந்த உறவு பிரிவில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அப்பாவும் மகனும் பெரும்பாலும் கடிதத்தில்தான் வாழ்ந்தார்கள்.

1955 மார்ச்சில் போலந்துத் தலைநகர் வார்சாவில், அந்நாட்டு இசையமைப்பாளர் சோப்பின் பெயரில் நடந்த பியானோப் போட்டியில் ஃபூ ட்சோங் மூன்றாம் பரிசு வாங்கினார். முதல் இடம் போலந்தின் ஆடம் ஹராசியெவிச், இரண்டாம் இடம் சோவியத்தின் அஷ்கெனாசி. போலந்துக்காரர்களின் உயிரோடு கலந்த மசுர்கா நடனவகை இசையை மிகச் சிறப்பாக வாசித்ததற்கான தனிப்பரிசு 21 வயதுச் சீன இளைஞனுக்குப் போனது. அந்தப் போட்டியின் நடுவர்களில் ஒருவர் மா ஸிட்சோங். பெய்ஜிங்கின் மத்திய இசைக் கல்லூரித் தலைவர், வயலின் கலைஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

சரி, 1957-க்கு வருவோம். ‘நூறு பூக்கள் மலரட்டும், குறைகளைத் தைரியமாகச் சொல்லுங்கள்’ என்று கட்சி அறிவாளிகளை அழைத்தது. சொன்னார்கள். ஜூன் 8-ஆம் தேதி கட்சி நாளேடு தலையங்கம் எழுதித் திருப்பியடித்தது. அதோடு தொடங்கியது வலதுசாரி எதிர்ப்பு இயக்கம். நாடு முழுக்க ஏறத்தாழ 5,50,000 பேருக்கு ‘வலதுசாரி’, அதாவது கட்சிக்கு எதிரி, என்று முத்திரை குத்தினார்கள். பல அலுவலகங்களில் நூற்றுக்கு ஐந்து பேர் என்று கணக்கு வைத்துப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆள் குறைந்தால் யாரையாவது சேர்த்தாக வேண்டும்.

இந்த முத்திரையை நம் ஊரில் கட்சி மாறியவனைத் திட்டுகிற மாதிரி நினைத்துவிடாதீர்கள். அன்றைய சீனாவில் படிப்பு, வேலை, சம்பளம், குடியிருப்பு எல்லாம் அரசின் கையில். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு இருக்கும். பள்ளியில் தொடங்கி வேலை இடத்துக்கு அதுவும் கூடவே போகும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உரியவருக்கே தெரியாது. வலதுசாரி என்று அதில் ஏறிவிட்டால் வேலை போகும், சம்பளம் குறையும், பலர் தொலைதூர உழைப்பு முகாமுக்குப் போனார்கள். நிலப்பிரபு, பணக்கார விவசாயி, எதிர்ப்புரட்சியாளர், தீயவர், வலதுசாரி என்று ஐந்து கறுப்புப் பிரிவுகள். பிள்ளை விண்ணப்பம் போடும் இடத்தில் எல்லாம் ‘குடும்பப் பின்னணி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அப்பாவின் பிரிவை எழுத வேண்டும். கல்லூரி, ராணுவம், கட்சி, நல்ல வேலை எல்லாம் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் கிடைக்கும்.

வெளிநாட்டில் உறவினர் இருந்தால் அதுவும் ஒரு கறை. சித்தப்பா ஹாங்காங்கில் இருக்கிறார், அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார் என்பது சந்தேகத்துக்குப் போதும்.

இதிலிருந்து தப்ப ஒரே ஒரு வழி திறந்திருந்தது. அதை ‘கோடு கிழிப்பது’ என்பார்கள். கூட்டத்தில் எழுந்து, என் தகப்பன் மக்கள் விரோதி, அவரோடு எனக்கு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்ல வேண்டும். மனைவி என்றால் விவாகரத்து. வெறுப்பால் செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பிள்ளைகளின் கோப்பு சுத்தமாக இருக்கட்டும் என்று புருஷன் பெண்டாட்டி பேசி வைத்துக்கொண்டு பிரிந்த வீடுகளும் உண்டு. ஒரு குடும்பத்தின் பாசத்தையே அந்தக் குடும்பத்துக்கு எதிரான சாட்சியமாக மாற்றியது இந்த ஏற்பாடு. இதைவிடப் பெரிய கொடுமை பட்டினிகூட இல்லை என்று சில நேரம் நினைக்கிறேன்.

ஃபூ லெய்யை ஷாங்காய் எழுத்தாளர் சங்கம் அடுக்கடுக்காகக் கூட்டம் போட்டுக் கண்டித்தது. தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுங்கள், மென்மையாக முடித்துவிடலாம் என்று வேண்டியவர்களே சொல்லிப் பார்த்தார்கள். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள அவர் மறுத்தார். 1958 ஏப்ரல் 30 அன்று முத்திரை விழுந்தது. அன்று இரவு நேரம் கழித்து வீடு திரும்பியவர், ‘சின்னவன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான், அவன் மட்டும் இல்லையென்றால்’ என்று மனைவியிடம் சொல்லிப் பாதியில் நிறுத்தினார் என்பது பதிவாகியிருக்கிறது. இதைக் கவனியுங்கள். மகன் இன்னும் தப்பிப் போகவில்லை. அதற்கு எட்டு மாதம் முன்பே அப்பா அந்த எல்லைக்கு வந்துவிட்டார். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இந்த ஒரு தேதியிலேயே இருக்கிறது.

மகன் பக்கம் என்ன நடந்தது? 1957-ல் போலந்தில் படித்த சீன மாணவர்களைப் பெய்ஜிங்குக்கு வரவழைத்து அரசியல் சோதனை வைத்தார்கள். ஃபூ ட்சோங் மீதும் கண்டனக் கூட்டம் நடந்தது. அப்புறம் படிப்பை முடிக்க மறுபடி வார்சாவுக்கு அனுப்பினார்கள். 1958 இறுதியில் படிப்பு முடிந்து ஊர் திரும்ப வேண்டிய வேளை. அப்பா வலதுசாரி என்பது தெரியும். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பதைப் பிற்காலத்தில் அவரே சொன்னார்: அப்பாவை மகன் காட்டிக்கொடுக்க வேண்டும், மகனை அப்பா காட்டிக்கொடுக்க வேண்டும், இரண்டு பேருமே அதைச் செய்ய மாட்டார்கள். அப்படியென்றால் இரண்டு பேருக்கும் அழிவு. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அந்த டிசம்பரில் வார்சாவிலிருந்து லண்டன் விமானம் ஏறினார்.

அவர் ‘பிழைப்புக்காக’ மட்டும் போனார் என்று சொல்ல முடியாது என்பது இதனால்தான். தான் ஊரில் இருந்தால் தன்னையே கருவியாக வைத்து அப்பாவை அடிப்பார்கள் என்ற பயம் அதில் கலந்திருக்கிறது. லண்டனில் பத்திரிகைக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். பனிப்போர்க் காலம், சீனாவிலிருந்து தப்பிய கலைஞன் என்றால் பெரிய செய்தி. சீனாவுக்குக் கேடு வருகிற மாதிரி எதுவும் பேசமாட்டேன் என்று அவர் வாயைக் கட்டிக்கொண்டார். ஊரில் இருக்கும் பெற்றோரை நினைத்து என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் ஊரில் அவர் பெயர் துரோகி. பத்து மாதம் வீட்டிலிருந்து கடிதம் இல்லை. 1959 அக்டோபர் 1, மக்கள் சீனம் பிறந்த பத்தாவது ஆண்டு நாள் அன்று ஃபூ லெய் மறுபடி எழுத உட்காருகிறார். இந்தப் பத்து மாதம் என் மனம் இருந்த நிலையை நீ ஊகித்திருப்பாய், உன்னைக் கடிந்து இனிப் பேசப்போவதில்லை என்கிற தொனியில் அந்தக் கடிதம் தொடங்குகிறது. மேலிடத்தில் இருந்தவர்கள் இந்தக் கடிதப் போக்குவரத்துக்கு இடம் கொடுத்தார்கள். ஒருநாள் மகன் திரும்பி வருவான் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. ஃபூ லெய் ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் போட்டார், வழியில் தொலைந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. அம்மா உட்கார்ந்து பிரதி எடுத்து வைத்தார். மகனிடமிருந்து வந்த கடிதங்களில் இசையைப் பற்றி எழுதிய பகுதிகளைத் தனியாகத் தொகுத்து ஒரு நோட்டில் தன் கையால் எழுதினார். 1980-களில் ஷாங்காய் இசைக் கல்லூரியில் அந்த நோட்டு கிடைத்தது. மகன் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. அம்மாவின் கையெழுத்தில் இருப்பதுதான் மிச்சம்.

நாட்டை ஒரே தாவலில் முன்னேற்றிவிடலாம் என்று மாவோ தொடங்கிய ‘பெரும் பாய்ச்சல்’ திட்டத்தின் பஞ்ச காலமும் இந்த வருடங்கள்தான். 1959 முதல் 1961 வரை செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் ஒன்றரைக் கோடியிலிருந்து நான்கரைக் கோடி வரை போகின்றன. கிராமம் செத்தது, ஷாங்காய் போன்ற நகரம் ரேஷனில் மெலிந்தது. வலதுசாரியாக இருந்ததால் ஃபூ லெய்யின் புத்தகங்கள் வெளிவரவில்லை. வேறு பெயர் போட்டு வெளியிடுகிறோம் என்று பதிப்பகம் சொன்னபோது, என் பெயரில் வருவதானால் வரட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று மறுத்தார். பதிப்பகம் முன்பணமாகக் கொடுத்ததில்தான் வீடு ஓடியது. லண்டனிலிருந்து மகன் உணவுப் பொட்டலம் அனுப்ப ஏற்பாடு செய்தார். எந்த மகன் துரோகி என்று ஊரே சொன்னதோ, அவன் அனுப்பிய வெண்ணெய் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. கேட்டு வாங்குவதற்குப் பெற்றோர் பட்ட கூச்சம் கடிதங்களில் தெரிகிறது.

மகன் போனதால் இந்த வீட்டுக்குக் கேடு மட்டும் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

1960 டிசம்பரில் ஃபூ ட்சோங், வயலின் மேதை யெஹூதி மெனுஹினின் மகளை லண்டனில் மணந்தார். முகம் பார்க்காத மருமகளுக்கு மாமனார் வேற்று மொழியில் தனியாகக் கடிதம் எழுதினார்; வீட்டு வரவு செலவைக் கணக்காக நடத்தச் சொல்லிப் புத்தி சொன்னார். 1964-ல் பேரன் பிறந்தான். அதே வருடம் மகன் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினார். தேசப்பற்று மிகுந்த ஃபூ லெய்க்கு அது பெரிய அடி. 1965 மே மாதம் கச்சேரிப் பயணத்தில் ஹாங்காங் வந்த மகன் ஷாங்காய்க்குத் தொலைபேசியில் பேசினார். அழைப்பு வரும் என்று தெரிந்து நாள் முழுக்கக் கணவனும் மனைவியும் நிலைகொள்ளாமல் காத்திருந்ததை அம்மா பின்னால் மகனுக்கு எழுதியிருக்கிறார். ஹாங்காங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே உள்ள தூரம் பெரிதில்லை. ஆனால் மகன் எல்லை தாண்டி உள்ளே வர முடியாது, பெற்றோர் வெளியே போக முடியாது.

முத்திரையை 1961 செப்டம்பரில் நீக்கியிருந்தார்கள். நீக்கினாலும் ‘முத்திரை நீக்கப்பட்ட வலதுசாரி’ என்றுதான் கோப்பில் இருக்கும். அதுவும் ஒரு முத்திரைதான்.

1966 கோடையில், பழையதையும் ‘எதிரிகளையும்’ ஒழிக்க வேண்டும் என்று மாவோ கிளப்பிய கலாச்சாரப் புரட்சி தொடங்கியது. ‘அப்பன் வீரன் என்றால் மகன் நல்லவன், அப்பன் பிற்போக்கு என்றால் மகன் அயோக்கியன்’ என்று ஈரடி வாசகம் எழுதிப் பள்ளிச் சுவர்களில் ஒட்டினார்கள். இதை எதிர்த்துப் பிறப்பை வைத்து மனிதனை எடைபோடாதே என்று கட்டுரை எழுதிய பெய்ஜிங் இளைஞர் யூ லுவோகே 1970 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. அவருடைய பெற்றோரும் 1957-ல் வலதுசாரி ஆக்கப்பட்டவர்கள்.

ஆகஸ்ட் 30 இரவு ஷாங்காய் இசைக் கல்லூரியின் செங்காவலர்கள், அதாவது மாவோவின் பெயரில் கிளம்பிய மாணவர் படையினர், ஃபூ வீட்டுக்குள் நுழைந்தார்கள். செப்டம்பர் 2 வரை சோதனை. தோட்டத்து ரோஜாச் செடிகள்வரை தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் உறவினர் ஒருவர் பல வருடம் முன்பு பூட்டி ஒப்படைத்துவிட்டுப் போன பெட்டியை உடைத்தார்கள். அதில் ஒரு சின்னக் கண்ணாடி, பின்னால் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்குப் போன சியாங் கை ஷேக்கின் படம். கூடவே அவர் மனைவியின் படம் உள்ள நைந்துபோன பழைய பத்திரிகைத் தாள் ஒன்று. போதாதா? கணவன் மனைவி இருவரையும் மண்டியிட வைத்து, தலையில் காகிதத் தொப்பி மாட்டி, வாசலில் நிறுத்தினார்கள்.

செங்காவலர்கள் போன பிறகு, அன்றிரவு ஃபூ லெய் ஒரு கடிதம் எழுதினார். மனைவியின் அண்ணனுக்கு. இந்தக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தக் கண்ணாடியும் தாளும் எங்களுடையவை அல்ல, சாகும்வரை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்கிறார். ஃபூ ட்சோங் என்ற துரோகியை வளர்த்த ஒன்றே போதும், மக்கள் முன்னால் நாங்கள் செத்தாலும் தீராத குற்றம் என்றும் எழுதுகிறார். இந்த வரியை எடுத்துக் காட்டித்தான் மகன் மேல் பழி போடுகிறார்கள். எனக்கு அந்த வரி அப்படிப் படவில்லை. அந்தக் கடிதத்தை அதிகாரிகளும் படிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்; பின்னால் இளைய மகனும் மைத்துனரும் உயிரோடு இருக்கப்போகிறார்கள் என்பதும் தெரியும்.

அதன் பிறகு வருவது வரிசை எண் போட்ட பதின்மூன்று காரியங்கள். செப்டம்பர் மாத வாடகை 55.29 யுவான், பணம் இணைத்திருக்கிறது. நண்பர் ஒருவர் பழுது பார்க்கக் கொடுத்த ஒமேகா கைக்கடிகாரம், திருப்பிக் கொடுக்கவும். உறவுக்காரப் பெண்மணி ஒப்படைத்த நகைகளைச் செங்காவலர்கள் பறித்துப் போய்விட்டார்கள். ஈடாக 370 யுவானுக்கு மூன்று வங்கிப் பத்திரங்கள். அத்தையின் கல்லறை நிலத்துக்கான ரசீது எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை, வருந்துகிறேன். வீட்டு வேலை செய்த அம்மாளுக்கு 600 யுவான், அன்றைய தொழிலாளி ஒருவரின் ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். அவர் வாழ்நாளெல்லாம் உழைத்த ஏழைப் பெண், எங்களால் அவருக்குத் தொல்லை வரக்கூடாது. எங்கள் தகனச் செலவுக்கு 53.30 யுவான். உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறோம், ஒப்படைக்க வேறு ஆள் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாள் தூங்கவிடாமல் அவமானப்படுத்தப்பட்ட ஒரு மனிதர், யாருக்கும் காசு பாக்கி வைக்காமல் போக வேண்டும் என்று உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறார். மக்கள் விரோதி என்று இவரைத்தான் சொன்னார்கள்.

செப்டம்பர் 3 விடிவதற்குள் இருவரும் இறந்துவிட்டார்கள். ‘மக்களிடமிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டவர்கள்’ என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தது அன்றைய அரசியல். அப்படிப்பட்டவர்களின் சாம்பலை வைத்துக்கொள்ள வழியில்லை. இசைமேல் பிரியம் கொண்ட இளம்பெண் ஒருத்தி, அந்தக் குடும்பத்துக்கு எந்த உறவும் இல்லாதவள், தகனக் கூடத்துக்குப் போய் நான் அவர்களின் வளர்ப்பு மகள் என்று சொல்லிச் சாம்பலை வாங்கிப் பத்திரப்படுத்தினாள். இவர்களுக்கு நீதி வேண்டும் என்று பிரதமர் சௌ என்லாய்க்குப் பெயர் போடாத கடிதமும் எழுதினாள். பிடித்து விசாரித்தார்கள். எதிர்ப்புரட்சிச் சந்தேகம் பல வருடம் அவளைத் துரத்தியது. பின்னாளில் ஃபூ குடும்பம் கைம்மாறு செய்ய வந்தபோது கச்சேரி நுழைவுச்சீட்டு ஒன்றைத் தவிர எதையும் வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது மா ஸிட்சோங்கிடம் வருகிறேன். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, ‘திரும்பியிருந்தால்?’ என்பதற்கு, அவர் வாழ்க்கைதான் பதில். அவர் 1949-ல் புதிய சீனாவுக்குத் தன் விருப்பத்தில் வந்தவர். இசைக் கல்லூரித் தலைவர், அரசின் மதிப்புக்குரியவர், வலதுசாரி முத்திரையும் இல்லை. ஃபூ ட்சோங் செய்ய மறுத்ததை எல்லாம் செய்தவர், அதாவது ஊரில் இருந்தவர். 1966-ல் அவரைத் தன் கல்லூரி மாணவர்களே அடித்தார்கள். அவருடைய குடும்பப் பெயருக்குக் குதிரை என்று அர்த்தம்; அதனால் புல் தின்னச் சொன்னார்கள். மனைவியும் மகளும் தெற்கே ஓடி ஒளிந்தார்கள். மகள் ரகசியமாகப் பெய்ஜிங் திரும்பி வந்து, தப்பிப் போகலாம் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். 1967 ஜனவரியில் மனைவி, மகள், மகனோடு படகில் ஹாங்காங் போய்ச் சேர்ந்தார், கையில் வயலின். அங்கிருந்து அமெரிக்கா.

தொடர்ந்து என்ன நடந்திருக்கும்? உறவினர்கள், நண்பர்கள், வீட்டுச் சமையல்காரர் வரை பிடித்து விசாரித்தார்கள். அண்ணன் உட்படச் சிலர் அதில் உயிரிழந்தார்கள். தப்பிப் போனவர் விலை கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது; ஆனால் அதிகமான விலையைக் கொடுத்தவர்கள் தங்கியவர்கள். 1985-ல்தான் அவர் மேல் இருந்த துரோகக் குற்றச்சாட்டு நீங்கியது. ஊர் திரும்பாமலே 1987-ல் ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார். அஸ்தி மட்டும் 2007-ல் குவாங்சோ வந்தது.

ஆகவே, இருந்தவருக்கும் அடி, போனவருக்கும் பழி. இவர்கள் பெயர் தெரிந்தவர்கள் என்பதால் நமக்குக் கதை கிடைக்கிறது. ஷென்ஜென் கரையிலிருந்து இரவில் ஹாங்காங் பக்கம் நீந்திய சாதாரண விவசாயிப் பிள்ளைகள், 1968-க்குப் பிறகு கிராமத்துக்கு அனுப்பப்பட்ட சுமார் 1.7 கோடி நகர இளைஞர்களில் அங்கிருந்து எல்லை தாண்டியவர்கள், இவர்கள் வீட்டிலும் இதே கணக்குதான் ஓடியது. ஒருவன் கரை ஏறினால் வீட்டில் மிஞ்சியவர்கள் கோப்பில் ஒரு வரி கூடும். வழியில் மூழ்கியவர்களுக்குக் கணக்கே கிடையாது. 1974 முதல் 1980 அக்டோபர் வரை, ஹாங்காங் நகருக்குள் வந்து சேர்ந்துவிட்டால் தங்கலாம், எல்லையில் பிடிபட்டால் திருப்பி அனுப்புவோம் என்று அங்கே விதி இருந்தது. ஹாங்காங்கின் எத்தனையோ குடும்பங்கள் அப்படி வந்தவைதான்.

மாவோ 1976-ல் இறந்தார். கட்சித் தலைவர்களில் ஒருவரான ஹூ யாவ்பாங் பொறுப்பில் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தபோது, அந்த ஐந்தரை லட்சம் வலதுசாரிகளில் மிகப் பெரும்பாலோர் தவறாக முத்திரை குத்தப்பட்டவர்கள் என்று கட்சியே ஒப்புக்கொண்டது. 1979 ஏப்ரல் 26 அன்று ஷாங்காயில் ஃபூ லெய்க்கும் ஜூ மெய்ஃபூவுக்கும் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. ஃபூ ட்சோங் வந்தார். வயது 45. அதற்குப் பிறகு அடிக்கடி சீனா வந்து இசைக் கல்லூரிகளில் கற்பித்தார். 2013-ல் பெற்றோரின் அஸ்தி அவர்கள் ஊர்ப் பக்கத்து மண்ணில் அடக்கமானது. அவர் 2020 டிசம்பரில் லண்டனில் கொரோனாவால் இறந்தார்.

இளைய மகனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது வருத்தம். அவருக்கும் இசை ஆசை இருந்தது. இந்த வீட்டால் ஒரு இசைக் கலைஞனைத்தான் தாங்க முடியும் என்று அப்பா மறுத்துவிட்டார். அப்பா வலதுசாரி, அண்ணன் துரோகி என்ற இரண்டு கறையையும் சுமந்துகொண்டு பெய்ஜிங்கில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். கலாச்சாரப் புரட்சியில் அவரும் அடிபட்டார். போனவரைப் பற்றியும் இறந்தவர்களைப் பற்றியும் நாம் பேசுகிறோம். தங்கி, அடிபட்டு, பிழைத்து, அப்பா அண்ணனுக்கு எழுதிய கடிதங்களைத் திரட்டி 1981-ல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் இவர். லண்டனில் மூத்த மகன் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அந்தக் கடிதங்கள் மிஞ்சின என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஷாங்காயில் இருந்திருந்தால் அந்த நான்கு நாளில் போயிருக்கும்.

அந்தத் தொகுப்பை இன்று சீனப் பள்ளி மாணவர்கள் பாடத்தோடு சேர்த்துப் படிக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பு நூலாகப் பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள். மொழிபெயர்ப்பு எதாவது உங்கள் கைக்குக் கிடைத்தால் ஒவ்வொரு கடிதத்தின் மேலும் உள்ள தேதியைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். மொசார்ட்டைப் பற்றி எழுதும் கடிதத்தின் தேதி பஞ்ச காலமாக இருக்கும். அந்த மாதங்களில் எழுதியவருக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.